குழல்வாய்மொழியில் இரண்டு ழகரம்

குற்றாலத்தில் காலைப் பதிகம் பாடி முடித்து, சாரலில் பாதி நனைந்தவாறு மேலகரம் வழியாகத் தென்காசி வந்து வேலைக்கு அமர்வது, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அமைந்த பேறு. வேலை, ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில். அங்கே நாங்கள் இருவர். பொறுப்பாளர் என்னைவிட இருபது வயது இளையவர்; ஊரார் பாய் என்று அழைப்பதுபோல் நானும் அழைப்பேன். அவருக்கு நான் அண்ணாச்சி.

அன்று அவர் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போயாக வேண்டும். வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்த அவருடைய அண்ணன், வேலையை முடித்துக்கொண்டு மாலை விமானத்தில் வருகிறார். இதற்கு முன் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு கணினி முரண்டு பிடித்துத் தம்பியை இங்கேயே நிறுத்திவிடும். இம்முறை வாசலில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். நண்பகலுக்குள் கார் கிளம்பினால்தான் புளியறை கடந்து, மலை இறங்கி, நேரத்துக்குச் சேர முடியும்.

நான் நுழைந்தபோது அவர் புதுச் சட்டையில் இருந்தார். முகத்தில் மட்டும் புதுமை இல்லை.

"அண்ணாச்சி, ராத்திரி ஒரு காப்பிகூட எடுக்கலை. எல்லாம் செவப்பு."

"மேல் பக்கத்துல கிளஸ்டர் தெரியுதா?"

"தெரியுது. பச்சையாச் சிரிச்சிக்கிட்டு நிக்குது. அதான் வயித்தெரிச்சல்."

நோயாளிகளின் ஸ்கேன் படங்களும் சோதனை முடிவுகளும் எங்களிடம் பல மெய்நிகர்க் கணினிகளில், அதாவது மென்பொருளாலேயே ஆன கணினிகளில், இருக்கின்றன. அவற்றைச் சில பெரிய இயந்திரங்கள் ஒன்றாகக் கூடித் தாங்குகின்றன. அந்தக் கூட்டுக்குத்தான் கிளஸ்டர் என்று பெயர். நாள்தோறும் இரவில் ஒரு மென்பொருள் அதனுள் சென்று எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்கும். உள்ளே செல்ல ஒரு கடவுச்சொல் வேண்டும். விடுப்பில் போகிறவர் பழுதில்லாத ஒரு நகலையாவது கண்ணால் பார்த்துவிட்டே போக வேண்டும் என்பது எங்கள் பிரிவின் கட்டுப்பாடு. அதை விதித்தவரே பாய்தான். ஆகவே மீறவும் அவருக்கு மனமில்லை.

கடவுச்சொல்லைக் குறித்த காலத்தில் மாற்றுவோம். ஒரு முறை அவர் சொல் தேர்ந்தெடுப்பார், மறுமுறை நான். அவர் கடைசியாக வைத்தது, புளியறையில் அவருக்கு உகந்த பரோட்டாக் கடையின் பெயர். முந்தைய நாள் என் முறை. குற்றாலத்து அம்மை குழல்வாய்மொழியின் திருநாமத்தோடு சில எண்களைச் சேர்த்தேன். அது இன்று வழக்கில் இல்லை; ஆதலால் எழுதலாம். கிளஸ்டரிலும், மேல் பக்கம் என்று நாங்கள் சொல்லும் மென்பொருளின் முதன்மைத் திரையிலும் என் கையாலேயே தட்டச்சு செய்தேன். மேல் பக்கம் உடனே பச்சை காட்டியது. வேலை முடிந்ததென்று இருவரும் வீட்டுக்குப் போனோம்.

ஆனால் நகலெடுக்க உண்மையில் கிளஸ்டருக்குப் போய்வருவது மேல் பக்கம் அல்ல. அதற்கென்று தனியே ஒரு துணைக் கணினி உண்டு. அதற்குத் தனி முகவரி, தனிப் பக்கம், தன் நினைவில் தனியாக ஒரு கடவுச்சொல். அதைத் திறந்து பார்த்தோம். பரோட்டாக் கடையின் பெயரைச் சொல்லி இரவெல்லாம் விட்டுவிட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.

"மேல மாத்தினா கீழயும் தானா மாறாதா அண்ணாச்சி?"

"மூலவருக்குப் புதுப் பட்டு சாத்தினா, வீதியுலாப் போற உற்சவர் மேல அது தானா வந்துருமா? சாமி ஒண்ணுதான். ஆனா அர்ச்சகர் ரெண்டு பேருக்கும் தனித்தனியாத்தான் உடுத்தணும்."

"அப்ப உற்சவரு ராத்திரி பூரா பழைய உடுப்போட சுத்தியிருக்காரு" என்று சிரித்துக்கொண்டே அவர் துணைக் கணினியின் பக்கத்தில் புதுச் சொல்லைப் பதிந்தார். ஏற்கவில்லை. மறுபடியும் பதிந்தார். அதற்கும் மறுப்பு. விரல்களைத் துடைத்துக்கொண்டு மேலும் சில முறை முயன்றார். தவறான சொல்லை இடைவெளியின்றி அடுத்தடுத்துக் கேட்டால் கிளஸ்டர் சிறிது நேரம் எவரையும் உள்ளே விடாது. அதுவரை பச்சையாக இருந்த மேல் பக்கமும் இப்போது சிவந்தது.

"நல்லாப் போச்சு. மூலவரும் நடை சாத்திட்டாரு" என்றார் பாய். கதவு மறுபடி திறக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அப்போது அவர் மனைவி கைபேசியில் அழைத்தார். ஒலி எனக்கும் கேட்டது.

"இன்னும் அங்கனதான் இருக்கீயளா? கார்க்காரரு வந்து ரெண்டு காப்பி குடிச்சாச்சு. ஒங்களால ஒரு காப்பி எடுக்க முடியலையா?"

"இந்தா வந்துட்டேன்."

"போன தடவையும் இந்தா வந்துட்டேன்னுதான் சொன்னீய. ஒங்க அண்ணன் வீட்டுக்கு வந்து, குளிச்சி, சாப்பிட்டு, ஒறங்கின பொறவுதான் வந்தீய."

"நான் என்ன செய்ய? குளல்வாய்மொளின்னு சரியாத்தான் போடுதேன், உள்ள விட மாட்டேங்குது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடவுச்சொல்லை இப்படி வீட்டுக்கு ஒலிபரப்புகிறாரே என்பதற்காக அல்ல. எண்கள் இல்லாமல் அது வெறும் அம்மையின் நாமமே. என் செவியில் விழுந்தது அவருடைய ளகரம். பதிகம் பாடிப் பழகிய செவிக்கு ழகரம் நழுவினால் பண்ணே சரிந்ததுபோல் இருக்கும். குழலில் ஒன்று, மொழியில் ஒன்று என்று அந்தத் திருநாமத்தில் இரண்டு ழகரம் குடியிருக்கின்றன.

"வே பாய், ழவுக்கு எந்த இங்கிலீஷ் எழுத்துப் போட்டீரு?"

"எல்லுதான். பொறவென்ன?"

"நான் இசட்டும் எச்சும் போட்டேன்."

அவர் கைபேசியை மேசைமீது வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மன் பேருல இசட்டு எங்கேருந்து அண்ணாச்சி வந்தது? நீங்க வாயால சொன்னீய, நான் காதால கேட்டேன். காதுல இசட்டு விழலையே."

"நான் ழன்னுதானே சொன்னேன்."

"நீங்க சொல்லுவீய. ஊருல வேற யாரு சொல்லுதா?"

கைபேசியில் அவர் மனைவி சிரிப்பது கேட்டது. "அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் கெடுத்தீயளா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கதவு திறக்கும் நேரம் வந்தது. இம்முறை நான் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர் தட்டினார். இசட் வந்த இரண்டு இடங்களிலும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். துணைக் கணினி ஏற்றுக்கொண்டது. மேல் பக்கமும் மீண்டும் பச்சையாயிற்று. ஆனால் வாசல் திறந்தது மட்டும் போதாது. நகல் வந்து சேர வேண்டும். உள்ளதில் சிறியதொரு மெய்நிகர்க் கணினியைத் தேர்ந்து நகலெடுக்கச் சொன்னோம். கோடு மெல்ல நகர்ந்தது. பாய் நின்றுகொண்டே பார்த்தார்; கார்ச் சாவி தம்மிடம் இருப்பதுபோல் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கோடு முடிவைத் தொட்டுப் பச்சைக் குறி விழுந்தது.

"மத்ததையெல்லாம் நான் ஓட்டுதேன். நீரு கிளம்பும்."

அவர் படியிறங்கும் ஓசை கேட்டது; பாதியில் நின்றது; மீண்டும் ஏறி வந்தது. கைபேசியை மேசையிலேயே விட்டிருந்தார்.

மாலை வரை ஒவ்வொன்றாக நகலெடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி ஒன்று ஓடிக்கொண்டிருக்கையில் பாயின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியவர் அவரல்லர்.

"அண்ணாச்சி, நான் இவன் அண்ணன் பேசுதேன். வெளிய வந்ததும் மொதல் ஆளா இவன்தான் நின்னான். நம்பவே முடியலை. கேட்டா, குழல்வாய்மொழி அம்மன் வழி விட்டாள்னு சொல்லுதான்."

இரண்டு ழகரமும் பழுதின்றி வந்து விழுந்தன. "இவ்வளவு சுத்தமா எங்க படிச்சீங்க?" என்று கேட்டேன்.

"இருவது வருசமும் மலையாளத்துக்காரங்களோட ஒரே ரூம்லே அண்ணாச்சி. கோளின்னு கேட்டாத் தர மாட்டாங்க. கோழின்னு கேக்கணும்."

பின்னாலிருந்து தம்பியின் குரல் குறுக்கிட்டது. "அத விடு. எல்லாம் பச்சைதானான்னு கேளு."

திரையைப் பார்த்தேன். கடைசிக் கோடும் முடிந்திருந்தது.

"பச்சைதான்னு சொல்லுங்க" என்றேன்.