கோழிப் பித்தப்பை கேட்டுப் போனவள்

மானகிரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக்கடைக்குப் போய், கறி வேண்டாம், பித்தப்பை மட்டும் போதும் என்று கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எதுக்குக் கேக்குறீக?"

"ஆராய்ச்சிக்கு, அண்ணே."

"மருந்துக்கா, செய்வினைக்கா?"

"மருந்துக்குத்தான்."

காரைக்குடியில் முனைவர் பட்டத்துக்காக நான் எடுத்துக்கொண்ட வேலை அது. கோழியின் பித்தநீரில் ஒரு அமிலம் நிறைய இருக்கிறது. அதன் மூலக்கூறில் கீழ்நோக்கி நிற்கும் ஒரு சின்னக் கிளையை மேல்நோக்கித் திருப்பிவிட்டால் அது வேறு அமிலமாகிவிடும். சில வகைப் பித்தப்பைக் கற்களைக் கரைக்கவும், சில ஈரல் நோய்களுக்கும் டாக்டர்கள் மாத்திரையாகக் கொடுப்பது அந்த இரண்டாவது அமிலத்தைத்தான். இந்த வேலையை ஒரு பூஞ்சையிடம் விட்டால் செய்து தருமா என்பது என் கேள்வி.

பூஞ்சைக்கும் அவர் கடையைத்தான் நம்பினேன். கடைக்குப் பின்னால் கழிவு புதைத்த இடத்தில் கொஞ்சம் மண் அள்ளிக்கொண்டேன். பித்தநீர் ஊறிய மண்ணில் அதற்குப் பழகிய பூஞ்சை இருக்கும் என்று நினைத்தேன். நான் மண்ணையும் எடுத்துப்போனதால் அது செய்வினைதான் என்று வாடிக்கையாளர்கள் முடிவு செய்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதன்பின் கடைக்காரர் வாராவாரம் எனக்காக ஒரு டப்பாவில் பித்தப்பைகளைச் சேர்த்து வைத்தார். சில மாதங்கள் கழித்து அவர் மனைவிக்கே பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. ஆபரேஷன் என்றதும் மதினி பயந்துவிட்டார். அண்ணன் காலி டிபன் பாக்ஸோடு எங்கள் ஆய்வகத்துக்கு வந்து நின்றார்.

"நீங்க செய்யிற மருந்துல கொஞ்சம் குடுங்க."

"அது மருந்து இல்லண்ணே. அதுல என்னென்ன இருக்குன்னு எனக்கே இன்னும் தெரியாது. டாக்டர் சொல்றதக் கேளுங்க."

"நம்ம கோழிதானே?"

"கோழி நம்மதுதான்."

"அப்ப இம்புட்டு நாளா இங்குட்டு என்னதான் செஞ்சீக?"

அதுவரை என் பூஞ்சைகளில் சில அமிலத்தை முழுசாகத் தின்றுவிட்டன. மற்றவை செத்துப்போயின. திருப்பியது எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு எனக்கு டப்பா இல்லை. "எல்லாம் குப்பைக்குப் போயிருச்சு" என்று முகம் பார்க்காமல் சொன்னார். அரைக் கிலோ கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்த வாரம் முழுக்க மனசு சரியில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் மதினியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என் கல்லு மாத்திரைக்குக் கரையாத சாதியாம். டாக்டர் சொல்லிட்டாரு. அவுககிட்டயும் சொன்னாரு" என்றார்.

அப்போது அண்ணன் உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அங்கிருந்தே சொன்னார்:

"வெட்டி எடுத்த பித்தப்பையக் கேட்டுப் பாத்தேன். தர மாட்டேன்னுட்டாக. பரிசோதனைக்கு அனுப்பணுமாம். உங்களுக்கு ஆகுமேன்னுதான் கேட்டேன்."

நன்றி என்றேன்.

மதினி இட்லியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "என்னையக் கேட்டீகளா?"

"மயக்கத்துல இருந்தியே" என்றார் அவர்.

மழைக்காலத்தில், கடைக்குப் பின்னால் அள்ளிய மண்ணிலிருந்து வளர்த்த ஒரு சாம்பல் நிறப் பூஞ்சை, அமிலத்தில் கொஞ்சத்தைத் திருப்பியது. சோதனைத் தகட்டில், அந்த இரண்டாவது அமிலம் ஏறி நிற்க வேண்டிய உயரத்தில் ஒரு மங்கலான புள்ளி. வேறு கருவியிலும் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே கடைக்குப் போய்ச் சொன்னேன். அன்று மதினிதான் கல்லாவில் இருந்தார்.

"எம்புட்டுக் கெடச்சுச்சு?" என்று கேட்டார்.

"கடுகளவுகூட இல்ல, மதினி."

அவர் தலையாட்டினார். "அப்ப நெறைய வேணும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி, பெரிய வாளியைக் கழுவி வைக்கும்படி அண்ணனிடம் சொன்னார்.