தையற்காரர் அடைத்த துளை

குறை கண்ட இடத்தில் கைகட்டி நில்லாமை ஒரு பேரறம். அவ்வறம் அளவோடு அமைந்தவரைச் சான்றோர் என்பர். அளவு கடந்து அமைந்தவரை என்னவென்பது என்று அவர்தம் மனைவியரைத்தான் கேட்க வேண்டும். நம் தையற்காரர் இரண்டாம் வகை. கிழிசல் கண்டால் அவருக்கு உணவு இறங்காது. பேருந்தில் முன்னிருக்கைக்காரரின் காலர் பிரிந்திருந்தால், அம்மனிதர் இறங்குவதற்குள் ஊசியும் நூலுமாய் வேலையை முடித்துவிடுவார். அவ்வாறு ஒருவரை இருக்கையோடு சேர்த்துத் தைத்ததும் உண்டு.

அன்னார் அறுபதாண்டுப் பழைமை கொண்ட டிராக்டர் ஒன்றை வாங்கினார். உழ நிலமில்லை, ஓட்டவும் தெரியாது. முகப்புத் தகடு நல்ல கைபட்ட காலரைப் போல் வளைந்திருந்தது என்பதே காரணம். வண்டியைப் புறக்கடையில் நிறுத்திவிட்டு, எஞ்சினை மட்டும் ரேடியேட்டரோடு கழற்றித் தையற்கடையாகிய முன்னறையில் இரும்புத் தாங்கியின்மேல் ஏற்றினார். பிரித்தார், கழுவினார், தேய்த்தார், மறுபடி பூட்டினார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றியதும் எஞ்சின் ஏழெட்டுக் கண்களால் அழுதது.

தண்ணீர் செல்லும் ரப்பர் ஹோஸ் கசிந்தது, புதுப் பட்டை போட்டு இறுக்கினார். எஞ்சினின் மேல்மூடியாகிய ஹெட்டின் விளிம்பு கசிந்தது. அதைக் கழற்றிக் கண்ணாடிமேல் வைத்துச் சமம் பார்த்துப் புதுக் கேஸ்கட் இட்டார். ஒவ்வொரு கசிவையும் தையற்சுண்ணத்தால் வட்டமிட்டு, அடைத்தபின் அழித்தார். சுண்ணம் தீர்ந்தது, கசிவு தீரவில்லை. ஒருநாள் துருநீர் வழிந்தோடி, வாடிக்கையாளர் ஒருவரின் வெள்ளைத் துணியை நனைத்தபோது மனைவியார் வாய் திறந்தார்.

“என்னங்க, இனிமே ஒரு சொட்டு தரையில விழுந்துச்சுன்னா, பழைய இரும்புக்காரரு இதைத் தூக்கிட்டுப் போயிடுவாரு. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியாச்சு.”

“இன்னிக்கே புதன்கிழமைம்மா.”

“தெரியும். அதனாலதான் வெள்ளிக்கிழமைன்னேன்.”

அவ்வம்மையார் சொன்ன சொல் மாறியதாக வரலாறு இல்லை. தையற்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எஞ்சினின் அடியில் மல்லாந்து கிடந்து தேடினார். தண்ணீர் பம்பின் அடிவயிற்றில் ஒரு சிறு துளை. அதன் நுனியில் ஒரு துளி. “அகப்பட்டியா மவனே” என்றார் மெல்ல. துளை என ஒன்று இருந்தால் அதை மூடுவதன்றி வேறென்ன செய்யத் தகும்? இரும்பு ஒட்டும் பசையைப் பிசைந்து, பொத்தானளவு உருட்டி, அடைத்தார். துளி நின்றது. ஐயம் அறவே நீங்கும்பொருட்டு, மனைவியார் துணிக்கிடும் நீலத்தை ஒரு புட்டி முழுதும் ரேடியேட்டரில் கவிழ்த்தார். இனிக் கசிந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும்.

வெள்ளியன்று இரும்புக்காரர் கஞ்சி போட்ட வெண்சட்டையில் வந்து, எஞ்சினின் பக்கவாட்டில் நின்றார்.

“டெய்லரண்ணே, இது எஞ்சினா, சல்லடையா?”

“இப்பப் பாருங்க தம்பி” என்று, புகைக்குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டு, எஞ்சினை முடுக்கினார். அது இருமிற்று, செருமிற்று, முழங்கிற்று. விசிறி சுழன்றது. மனைவியாரும் வந்து நிற்க, மூவரும் தரையைக் குனிந்து பார்த்தனர். ஒரு சொட்டும் இல்லை. தையற்காரர் மீசையை முறுக்கக் கையெடுத்தார்.

“அண்ணே, இங்க மழை பெய்யுதே” என்றார் இரும்புக்காரர்.

வெண்சட்டையில் இடுப்பு முதல் தோள்வரை பதினொரு நீலப்புள்ளிகள், அளவெடுத்து வைத்த பொத்தான்கள்போல் ஒரே நேர்கோட்டில். எஞ்சின் அணைந்தது. சட்டைக்குரியவர் சினக்க மறந்து, அக்கோட்டின் வழியே கண்ணை ஓட்டினார். அது விசிறிக்கு நேரே, பம்பின் தண்டில் போய் முடிந்தது.

“பம்புக்கு அடியில ஒரு ஓட்டை இருக்குமே, எங்கண்ணே?”

“அடைச்சுட்டேன்” என்றார் தையற்காரர், பரிசு பெறுபவர்போல்.

“அடப்பாவி மனுசா. உள்ள தண்ணியைத் தடுக்கிற சீல் தேஞ்சுபோனா, அது வழியாத்தான் சொட்டு விட்டுத் தெரியப்படுத்தும். அதை மூடினா தண்ணி பேரிங்குக்குள்ள பூந்து முன்னால வரும். விசிறி வாரி எறியும்.”

“சொல்ற வாயையே தச்சுட்டேனா?”

“ரெட்டைத் தையலு.”

இரும்புக்காரர் கயிற்றை எடுத்தார். தையற்காரர் தன் எஞ்சினைக் கடைசியாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். மனைவியாரோ விளக்கைக் கொண்டுவந்து, தாங்கியின் கீழும் தையற்பொறியின் கீழும் ஒளி பாய்ச்சினார். கீழே தெறித்ததையெல்லாம் ரேடியேட்டரின் அடிச்சட்டம் ஏந்திக்கொண்டிருந்தது.

“கயித்தை வைங்கண்ணே. தரையில ஒரு சொட்டும் விழல.”

“என் சட்டையில விழுந்திருக்கேம்மா.”

“நான் சொன்னது தரையை. சட்டையைப் பத்திப் பேச்சே இல்ல. வெள்ளைக்கு நீலம் நல்லதுதாண்ணே.”

சொல் தவறாத அவ்வம்மையார் அன்று சொல்லாலேயே எஞ்சினைக் காத்தார். தையற்காரர் பசையைக் குடைந்தெடுத்து, பம்பைப் பிரித்து, புதுச் சீலும் புதுப் பேரிங்கும் இட்டு, துளையைத் திறந்தபடியே விட்டார். அதைக் கடக்கும்போதெல்லாம் கை துறுதுறுத்தது, பிடரியைச் சொறிந்துகொண்டார். அடுத்து, அதே இரும்புக்காரருக்குச் சட்டை அளவெடுத்தார்.

அம்மனையில் அடுப்பும் சொல்லும் என்றும் சூடாறாதிருக்க! உண்ண வருவோர்க்கு இலையும், சண்டையிட வருவோர்க்குச் சிரிப்பும் குறைவின்றிக் கிடைக்க! கணவனும் மனைவியும் நூலும் ஊசியும்போல் பல்லாண்டு இசைந்து வாழ்க!