பிக்கப் பண்ண வந்த ஆள்

போன வாரம் நிலக்கோட்டைப் பக்கம் என் தங்கை செல்வியின் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் மெயின் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பறித்த மல்லிகையை ஈரச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து ரோட்டோரம் வைத்தாள் செல்வி. காவலுக்கு ஆள் இல்லை.

"தெனமும் இப்படித்தாண்ணே. வேன் வந்து பிக்கப் பண்ணிக்கிரும்" என்று சொல்லிவிட்டு, மிச்சப் பூவைப் பறிக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

எனக்கு இந்த 'பிக்கப்' மேலேயே ஒரு சந்தேகம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டால் பிக்கப். போனை எடுத்தால் பிக்கப். ஈ ஓட்டிக்கொண்டிருந்த பிரியாணிக் கடையில் கூட்டம் சேர்ந்தால் பிக்கப். மேட்டில் பைக் திணறினால், பிக்கப் இல்லை. கேட்டுக் கேட்டே இந்தி கற்றுக்கொண்டால் அதுவும் பிக்கப்பாம். போலீஸ் ஒருவனை அள்ளிக்கொண்டு போனாலும் அதே வார்த்தைதான்... ஒரே ஆள் இத்தனை வேலை பார்க்கிறேன் என்று வந்து நின்றால் நாம் நம்புவோமா?

வேன் வரவில்லை. ஒரு பைக் வந்தது. லுங்கி கட்டிய ஆள் இறங்கி, யாரையும் கேட்காமல் மூட்டையைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார்.

"யாருங்க நீங்க?" என்றேன்.

"பூ பிக்கப்புண்ணே. வேன் பஞ்சராகி நிக்கிது. நான் மார்க்கெட்டுக்குத்தான் போறேன்."

யார் என்று கேட்டால் காரணமும் சேர்த்துச் சொல்கிறவனை எப்படி நம்புவது? நான் திண்டுக்கல்காரன். பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்ப்பவன். பைக் சாவியை உருவிக்கொண்டேன். செல்விக்குப் போன் போட்டேன் — எடுக்கவில்லை. போன் வீட்டில் சார்ஜில் கிடந்திருக்கிறது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

டீக்கடைக்காரர் இறங்கி வந்தார். "சாவியக் குடுத்துருங்க. வேன் வரலேன்னா சந்தைக்குப் போற யாரும் தூக்கிட்டுப் போவாக. சாக்குல செவப்புத் துணி கட்டிருக்கு பாருங்க... அதப் பாத்து மார்க்கெட்டுல தங்கச்சி பூப்போடுற கடையில எறக்கிருவாக."

"வழியிலேயே வித்துட்டா?"

"இம்புட்டு நாள்ல யாரும் அப்படிச் செஞ்சதில்ல."

இவரும் கூட்டாளியாக இருந்தால்? சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கடைசியில் செல்வியே அடுத்த கூடையோடு வந்தாள். என் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். "மொட்டு வாய் தொறந்துருச்சு. மாலை கட்ட எடுக்க மாட்டாக, இனி செண்டு கம்பெனிக்குத்தான் போகும். அவுக வைக்கிறதுதான் வெல" என்றாள். இருட்டிலேயே எழுந்து பறித்த பூ. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சாவியைக் கொடுத்தேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "போயித்தான் பாப்போம் தங்கச்சி" என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையும் டீக்கடைக்குப் போனேன். செல்வி வந்தாள். மூட்டையை அதே இடத்தில் தனியாக வைத்தாள். தோட்டத்துக்குத் திரும்பும்முன் டீக்கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னாள்:

"மாமா, எங்கண்ணனைச் செத்த நேரம் பாத்துக்கங்க."