பச்சைதான் காட்டினேன்

பேய், பிசாசு எதையும் நான் நம்புகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்துவிட்டு பெரியவருக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று சிரிப்பீர்கள். மரக்காணம் உப்பளத்தில் நாற்பத்தைந்து வருஷ வெயில் ஏறின தலை இது, புதிதாக ஏற ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், தலையில் உப்புக் கூடை சுமந்தவன், இன்றைக்கு பதினெட்டு பாத்தி குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். மோட்டார் நின்றால் நானே பிரிப்பேன், ஒயர் அறுந்தால் நானே முறுக்கி ஒட்டுவேன். மூட்டை தைக்கிற சணலை இந்த ஊரில் எல்லாரும் கத்தியால் அறுப்பார்கள், நான் பல்லால் கடித்து அறுப்பேன், அறுபது வயதிலும் அறுத்தேன். அப்படிப்பட்டவனுக்கு நடந்தது இது. ராத்திரியில்கூட இல்லை, பகல் பதினோரு மணிக்கு.

என் மகள் பவித்ரா ரயில் ஓட்டுகிற வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தவள். எழுத்துப் பரீட்சை இரண்டையும் தாண்டிவிட்டாள், மிச்சம் இருந்தது கம்ப்யூட்டரில் ஒரு டெஸ்ட், அதற்கப்புறம் கண் பரிசோதனை. இன்டர்வியூ எப்போது என்று நான் கேட்பேன், அது இன்டர்வியூ இல்லை அப்பா என்பாள். ஒருத்தரை வேலைக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று நாலு பேர் பார்த்தால் எனக்கு அது இன்டர்வியூதான். கண்ணாடி போடாமல் தூரத்து எழுத்தைப் படிக்க வேண்டுமாம், ஒரு கலரைக்கூட மாற்றிச் சொல்லக் கூடாதாம், சொன்னால் மூன்று வருஷமாகப் படித்தது அத்தனையும் போச்சு.

அதைக் கேட்டதில் இருந்து எனக்கு உள்ளே உதறல், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. உப்பு விளைந்த பாத்தியை வெயிலில் பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்குள் ஊசி இறங்கும். அளத்து ஆட்களுக்குக் கண் சீக்கிரம் கெடும், என்னோடு கூடை தூக்கினவர்களில் பாதிப் பேருக்கு இப்போது மசமசப்புத்தான். பள்ளிக்கூடம் லீவு விட்ட நாளெல்லாம் பவித்ராவை பாத்தியில் இறக்கி உப்பு வாரவிட்டவன் நான். கறுப்புக் கண்ணாடி கேட்டாள். "நான் போட்டேனா? எனக்கு இன்னா கெட்டுப்போச்சு?" என்று கேட்டவனும் நான்தான்.

ரயிலில் ஓட்டுகிற இடத்தில் இரண்டு பேர் இருப்பார்களாம். சிக்னல் தெரிந்ததும் ஒருத்தர் கலரை உரக்கச் சொல்ல வேண்டும், இன்னொருத்தரும் பார்த்துவிட்டு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதை இப்போதே பழகுகிறேன் என்றாள். கண்ணையும் சோதித்துப் பார்த்த மாதிரி ஆகும் என்று நானும் ஒத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரியின் பழைய பாவாடையைக் கிழித்து சிவப்புக் கொடி, நாற்றுக்குப் போடுகிற பச்சை வலையில் பச்சைக் கொடி. மோட்டார் கொட்டகைப் பக்கம் நான், அரைக் கிலோமீட்டர் தள்ளி நீள வரப்பின் அந்தக் கோடியில் அவள். இரண்டு பேர் காதிலும் போன். பச்சை காட்டினால் நடந்து வருவாள், சிவப்பு காட்டினால் நிற்பாள்.

"நான் கலரைச் சொன்னதும் நீங்க திருப்பிச் சொல்லணும்ப்பா. சொல்லலைன்னா நான் நகர மாட்டேன்" என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

நாலு நாள் நன்றாகவே போயிற்று, ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள்தான் அது.

அன்றைக்கு கொட்டகைக்கு வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டேன், பாத்திக்குத் தண்ணீர் ஏற வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் கொட்டகை சுவிட்சில் இருந்து வரப்போரமாக மோட்டாருக்குப் போகிற ஒயரை எலி கடித்து, நான் ஒட்டியிருந்தேன். டேப் தீர்ந்துபோனதால் உப்பு மூட்டை பிளாஸ்டிக்கைக் கிழித்துச் சுற்றி சணலால் இறுக்கினேன். பவித்ரா பார்த்துவிட்டு, தண்ணி பட்டா ஆபத்துப்பா, நான் மாத்தித் தர்றேன் என்றாள். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மோட்டார் ஓட்டினவன்டி நான்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

சிவப்புக் கொடியை கொட்டகைச் சுவர்மேல் செங்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு பச்சையை எடுத்துக்கொண்டேன். நன்றாகக் கவனியுங்கள், என் கையில் இருந்தது பச்சை மட்டும். தூக்கி ஆட்டினேன். பச்சை என்றாள், பச்சை என்றேன், நடந்து வந்தாள். பாதி வரப்பு தாண்டினாள். இன்னும் கொஞ்சம் வந்தால் மடை, ஒரு பாத்தித் தண்ணீர் இன்னொரு பாத்திக்குப் போகிற வெட்டு. அதில் கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். வரப்பில் செருப்பு வழுக்கும் என்பதால் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தாள்.

மடைக்குப் பத்தடி இருக்கும்போது நின்றுவிட்டாள்.

"சிவப்பு" என்றாள் போனில்.

நான் என் கையைப் பார்த்தேன். பச்சைதான். "பச்சை" என்றேன்.

"சிவப்பு."

கெட்டுவிட்டதடா கண், நாமே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். எனக்கு பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "ஏய், கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? பச்சைடி. நட" என்று கத்தினேன்.

அப்புறம் மெதுவாகக் கேட்டாள், "இன்னும் எவ்ளோ நேரம்ப்பா நிக்கறது? நீங்களே சிவப்புன்னுதானே நிக்கச் சொன்னீங்க?"

கேலி செய்கிறாள் என்று நினைத்து, நேரிலேயே போய்க் கேட்கலாம் என்று வரப்பில் ஏறி விறுவிறுவென்று நடந்தேன். கொட்டகையிலேயே கிடக்கிற நாய் ஒன்று, நான் எங்கே போனாலும் முன்னால் ஓடும். அன்றைக்கும் ஓடியது. ஓடி மடையில் கால் வைத்தது. ஒரு தடவை விலுக்கென்று உதறியது, கத்தக்கூட இல்லை, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. நானும் அதற்கு நாலு அடி பின்னால். அந்தப் பக்கம் இருந்து பவித்ரா இரண்டு கையையும் தூக்கினாள். "அப்பா, இறங்காதீங்க. கரண்ட்டு. மோட்டார ஆஃப் பண்ணுங்க."

திரும்பி ஓடி ஆஃப் பண்ணினேன். வந்து பார்த்தால், நான் ஒட்டின ஒட்டு, பிளாஸ்டிக் அவிழ்ந்து, மடைத் தண்ணீருக்குள் கிடந்தது.

என் பொண்ணு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சிவப்புக் கொடி செங்கல்லுக்கு அடியில் வைத்தது வைத்தபடி இருந்தது, போய்ப் பார்த்தேன்.

அதோடு விட்டிருந்தால் வெயிலில் கண் ஏமாற்றியது என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் பவித்ராவின் போனில் எல்லா காலும் தானாகவே ரெக்கார்டு ஆகும், கோச்சிங்கில் சொல்வதை மறக்காமல் இருக்க அப்படி வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து போட்டோம். "பச்சை" என்கிறாள், நான் "பச்சை" என்கிறேன். அதுவரை சரி. அவள் "சிவப்பு" என்கிறாள். நீங்கள் நம்பினால் நம்புங்கள், அடுத்து என் குரல், "சிவப்பு. நில்லும்மா" என்கிறது. அவள் மறுபடி "சிவப்பு" என்கிறாள். அது மறுபடி "சிவப்பு. நில்லும்மா" என்கிறது. நான் பச்சை என்று கத்தினது, திட்டினது, ஒரு வார்த்தை அதில் இல்லை.

என் குரல்தான், என் வீட்டுக்காரியும் உங்க குரல்தாங்க என்றாள். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, பெற்ற நாளில் இருந்து நான் பவித்ராவை ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. ஏய் என்பேன், இல்லையென்றால் பேர். எனக்கு அந்தக் கொஞ்சல் வராது. இன்னொன்று, அந்தக் குரலில் சிவப்பு என்கிறபோது விசில் மாதிரி காற்று வந்தது, முன்பல் போனவன் பேசினால் வருமே, அது. எனக்கு அப்போது பல் எல்லாம் கெட்டியாக இருந்தது.

பவித்ரா டெஸ்டில் பாஸானாள். கண் பரிசோதனையில் டாக்டர் ஒரு குறையும் சொல்லவில்லை. இன்றைக்கு கூட்ஸ் வண்டியில் அசிஸ்டென்டாகப் போகிறாள். மோட்டார் ஒயர் மொத்தத்தையும் அவள் கையாலேயே புதிதாக இழுத்துக் கொடுத்துவிட்டுத்தான் டிரெயினிங் போனாள், நான் வாயைத் திறக்கவில்லை.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மழைக்கு வரப்பு வழுக்கி குப்புற விழுந்தேன். மேல் வரிசையில் முன்பல் இரண்டும் போய்விட்டது. அன்றைக்கு சாயந்திரம் பவித்ரா போன் பண்ணினாள். விழுந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், அந்தப் பக்கம் பேச்சையே காணோம். லைன் போச்சா என்று கேட்டேன். "இல்லப்பா. அந்த ரெக்கார்டிங்க உங்க போனுக்கு அனுப்பறேன், இன்னொரு வாட்டி கேளுங்க" என்றாள்.

கேட்டேன். விழுந்து எழுந்த பிறகு எனக்கு வந்த குரல்தான் அது, கொஞ்சமும் மாற்றம் இல்லை.

பல் கட்டிக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரி நச்சரிக்கிறாள். கட்டினால் இந்தக் குரல் போய்விடும். அந்த 'நில்லும்மா'வை நான் இன்னும் சொல்லவே இல்லையே, சொல்லாவிட்டால் அன்றைக்கு அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றியது, தோன்றியதில் இருந்து தூக்கம் இல்லை. யாரிடமும் சொல்லாமல் பதினோரு மணிக்கு கொட்டகைப் பக்கம் போய் நின்றேன். செங்கல்லுக்கு அடியில் இருந்த பாவாடைத் துணி வெளுத்துப் போயிருந்தது, ஆனாலும் சிவப்புதான். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் போடாத போனைக் காதில் வைத்து, காலியாகக் கிடந்த வரப்பைப் பார்த்துச் சொன்னேன், "சிவப்பு. நில்லும்மா."

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. பவித்ரா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, திருப்பிச் சொன்னால்தான் கணக்கு. அதனால் மறுநாளும் போனேன். இன்றைக்கும் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நான் சொன்னதில் எது அன்றைக்கு அவள் காதில் விழுந்தது என்று தெரிகிறவரைக்கும் பல் கட்டுவதாக இல்லை.