பயனர் 417-உம் பள்ளிமுனை றஞ்சிதமும்

பள்ளிமுனைக் கடற்கரையில் காலை மீன் ஏலம் கூறும்போது றஞ்சிதத்தின் பக்கத்தில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை. ஐம்பத்தாறு வயது, ஒட்டிய கன்னம், ஊருக்கே கேட்கும் குரல். பாரை மீன் குவியலுக்கு ஒருவன் விலை கேட்டால், அவனுடைய விலையையும் அறிவையும் ஒரே மூச்சில் கழுவி ஊற்றிவிட்டு மேலே ஐம்பது ரூபாய் வைப்பாள். புருஷன் அமிர்தநாயகம் இருந்த காலத்தில் வீட்டில் பேசியதெல்லாம் அவள்தான். அவர் செத்த பிறகும் அதில் மாற்றம் எதுவும் இல்லை.

ஆனால் ஒன்று, கேட்ட விலையிலிருந்து அவள் பின்வாங்கியதே கிடையாது. கடற்கரையில் முதலில் வாய், காசு பிறகுதான். ஏலம் கூறுகிற யோசேப் மூன்று தரம் சொல்லிவிட்டால், லாபமோ நட்டமோ, கேட்டவர் மீனைத் தூக்க வேண்டும். மறுத்தவர் அடுத்த நாள் தொண்டை கிழியக் கத்தினாலும் யோசேப்புக்குக் காது கேட்காது. முப்பது வருடத்தில் றஞ்சிதத்துக்கு அப்படி ஒரு நாள் வந்ததில்லை. இந்தப் பெருமை அவளுக்கு ஞாயிறு பூசையைவிடப் பெரிது. பங்குச் சுவாமிக்கு மட்டும் அது தெரியாது.

அவளுடைய தீராத எரிச்சல் எருக்கலம்பிட்டி வஸீர். லொறி வைத்திருப்பவன். வெயில் ஏற ஏற, விற்காமல் மிஞ்சும் மீனை அவன் சொன்ன விலைக்குத்தான் அவள் தள்ளவேண்டும். மீனை உறையவைக்க ஒரு பிறீசர் இருந்தால் அவனுடைய முகத்தையே பார்க்கத் தேவையில்லை. அதற்காகவே மூன்று வருடம் சீட்டுக் கட்டி எழுபதாயிரம் சேர்த்தாள். புதுப் பிறீசரின் விலையைக் கேட்டு, கடைக்காரனை ஏசிவிட்டு வந்தவளுக்கு மருமகள் டினோஜா போனில் ஓர் ஏலத் தளத்தைக் காட்டினாள்.

பாவித்த பழைய பிறீசர், கொழும்பு, ஆரம்ப விலை முப்பதாயிரம். நாற்பதாயிரம் வரை றஞ்சிதம் நிதானமாகத்தான் போனாள். அப்போது வந்தான் பயனர் 417. பெயரில்லை, முகமில்லை, வெறும் இலக்கம். பேசாமல் கிடப்பான். இவள் வென்றுவிட்டோம் என்று மூச்சு விடும் நேரம் பார்த்துச் சரியாக ஐந்நூறு ஏற்றுவான்.

"இது வஸீர்தான்," என்றாள் றஞ்சிதம். "அவன்தான் கடைசி நேரத்தில வந்து ஏத்துறவன். நான் பிறீசர் வாங்கப்போறன் எண்டு யோசேப்பிட்டச் சொல்லேக்க காது குடுத்துக்கொண்டு நிண்டவன்."

"மாமி, அது ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். நீ அமத்து!"

டினோஜா அமத்திக்கொண்டே இருந்தாள். அறுபத்தெட்டாயிரத்தில்தான் 417 அடங்கினான். றஞ்சிதம் முற்றத்துக்கு வந்து எருக்கலம்பிட்டிப் பக்கம் பார்த்துக் காறித் துப்பினாள். அவ்வளவு சந்தோஷம்.

அன்று பின்னேரமே விற்பவன் போன் எடுத்தான். குரலில் சீனி வழிந்தது. "அம்மா, தளத்துல கட்டினா அவங்க கமிஷன் வெட்டுவாங்க. நேரா என் கணக்குக்குப் போடுங்க. முழுக் காசும் விழுந்ததும் லொறியில ஏத்திடுறேன்."

"போடாதைங்கோ மாமி," என்றாள் டினோஜா. "வெளியால காசு அனுப்பவேண்டாம் எண்டு தளத்திலயே எழுதிக் கிடக்கு. சாமானைக் காணாமல் ஆரும் முழுக்காசு குடுப்பினமோ?"

"எனக்கு மட்டும் விளங்கேல்லையோ? ஆனா விலையைக் கேட்டது நான். கேட்டுப்போட்டு இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வராது."

அவள் உண்மையிலேயே பயந்தாள். மூன்று வருடச் சீட்டுக்காசு போய்விடுமோ என்று ஒரு பயம், சொன்ன வாய் மாறிவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். கள்ளனுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற நினைக்கும் ஒருத்தி அந்தக் கள்ளனுக்கு அதுவரை கிடைத்திருக்கமாட்டாள்.

அடுத்த நாள் காசை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் புறப்பட்டாள். வழியில் தேத்தண்ணிக் கடை வாசலில் வஸீர் வடையோடு நின்றான். வென்றவள் சும்மா போவாளா?

"என்ன வஸீர், அறுபத்தெட்டில மூச்சு நிண்டுட்டுதோ?"

"என்ன அறுபத்தெட்டு?"

"பிறீசர்! நடிக்காத."

வஸீர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினான். பழைய பட்டன் போன், றப்பர் பாண்ட் போட்டு இறுக்கியது. "இதுல ஏலம் கேக்க ஏலுமா அக்கா? அல்லாஹ்மேல சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியா."

முப்பது வருடம் எதிரே நின்று பார்த்த முகம். அவன் பொய் சொன்னால் இடது புருவம் ஏறும். ஏறவில்லை. 

"அப்ப ஆர் ஏத்தினது?"

"விலை ஏறினா ஆருக்கு லாபம்?" என்று கேட்டுவிட்டு வஸீர் வடையைக் கடித்தான்.

றஞ்சிதம் கடை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். மீன்காரன் தன் மச்சானைக் கூட்டத்துக்குள் விட்டு விலை ஏற்றும் வேலை கடற்கரையில் பழசு. பிடிபட்டால் ஏலம் செல்லாது, யோசேப் முதலிலிருந்து தொடங்குவான். அப்படிப்பட்ட மச்சான்மாரை நிற்கும் நிலையிலேயே கண்டுபிடிக்கிறவள் அவள். போனில் முகம் இல்லை. இல்லாத முகத்துக்கு வஸீரின் முகத்தை ஒட்டியது அவளேதான்.

"அவன் உங்களுக்குப் பிறீசர் விக்கல்ல அக்கா," என்றான் வஸீர். "என்னையத்தான் வித்திருக்கான்."

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சந்தேகத்தின் பேரில் வாய் மாற அவள் தயாரில்லை. அங்கேயே இருந்து கொழும்புக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, கேட்ட விலைக்கு நான் நிக்கிறன். பிறீசரைக் கொண்டந்து இறக்கு. கரண்டில போட்டு ஐஸ் பிடிக்கட்டும். அந்த இடத்திலயே காசு."

"அதெல்லாம் சரிவராதும்மா. இன்னைக்கே போடாட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவேன்."

"ஆருக்கு? 417-க்கோ?"

 உடனே இணைப்பு அறுந்தது. றஞ்சிதம் காசுப்பையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

டினோஜா தளத்துக்கு முறைப்பாடு எழுதினாள். பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி பதில் வந்தது. மூன்றாம் நாள் அதே படம், அதே பிறீசர், வேறொரு விற்பனையாளர் பெயரில் திரும்பவும் ஏலத்துக்கு வந்தது. யாரோ ஒரு பாவி முப்பத்தொன்பதாயிரம் கேட்டிருந்தார். 417 ஐந்நூறு ஏற்றியிருந்தான்.

"கேள்வி கேக்கிற இடம் ஒண்டு இருக்கல்லோ, அதில எழுது," என்றாள் றஞ்சிதம். டினோஜா அப்படியே எழுதினாள்: 'விக்கிறவனும் 417-உம் ஒரே ஆள். ஆரும் மேல கேக்காதைங்கோ.'

அதற்குப் பிறகு எவரும் கேட்கவில்லை. ஏல நேரம் முடிந்தது. முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பிறீசர் 417-இன் தலையில் விழுந்தது.

"கேட்டவன் தூக்கட்டும்," என்று சொல்லிவிட்டு றஞ்சிதம் மீன் வெட்டப் போனாள்.