ஒரு சிட்டிகை உப்பு

இசக்கிசெல்வி இரும்புக் கம்பிகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். முத்தையாபுரத்தில் செல்வராணி வீட்டுக் குழாயடி. துருவை எடுத்தால்தான் அடுத்த வீட்டில் கம்பி பளபளவென்று இருக்கும்.

வயது இருபத்திரண்டு. பி.எஸ்சி. வேதியியல். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் கம்பெனியில் ஏழு மாதம். தினமும் பன்னிரண்டு வீடு ஏற வேண்டும். குதிகால் கொப்புளம் உடைந்து செருப்போடு ஒட்டியிருந்தது. விட்டுப் போகவும் வழியில்லை. சேரும்போதே பட்டச் சான்றிதழின் அசலை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள்.

பக்கவாதத்தில் படுத்திருக்கும் செல்வராணியின் மாமியார் செல்லக்கிளியை நான் கவனித்துக்கொள்கிறேன். நான் வராத ஞாயிற்றுக்கிழமை இசக்கிசெல்வி வந்து, குழாய்த் தண்ணீரில் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சிக் காட்டியிருக்கிறாள். தண்ணீர் பழுப்பாகிக் கசடு திரண்டது. அவள் கொண்டுவந்த இயந்திரத் தண்ணீர் தெளிவாகவே நின்றது. இயந்திரம் வாங்க செல்வராணி உடனே கையெழுத்துப் போட்டாள்.

திங்கள் காலை போனால் கிழவியின் நாக்கு வெடித்துக் கிடக்கிறது.

"தண்ணி குடுக்கலையாளா?" என்று செல்வராணியைக் கேட்டேன்.

"ரெண்டு மடக்கு பால் குடுத்தேன்க்கா. மிஷின் வரட்டும்னு இருந்தேன். அந்த வெஷத்த எப்படிக் குடுக்க? கேன் தண்ணியும் அப்படித்தான்னு அந்தப் பிள்ள சொல்லுச்சு."

குழாய்த் தண்ணீரையே காய்ச்சி ஆற்றி, காலைப் பொழுதில் பாதி நேரம் கரண்டி கரண்டியாகப் புகட்டினேன். மதியம் இயந்திரத்தோடு இசக்கிசெல்வி வந்தாள். குழாயடியிலிருந்து கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கட்டிலருகே நிறுத்தினேன்.

"இந்த நாக்கப் பாரு."

பார்த்தாள். கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது.

"கரையுதது இந்த இரும்புதான் பெரியம்மா. தண்ணியில ஒண்ணுமில்ல."

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"கெமிஸ்ட்ரி படிச்சவளுக்குத் தெரியாதா?"

அறைந்திருப்பேன். அதற்குள் அவள் போன் அடித்தது. மேனேஜர் செந்தில்முருகன்.

"ஏளா, லொகேஷன் ஒரே எடத்துல நிக்கி. தூங்குதியா?"

"நாம செஞ்ச வேலையப் பாத்துட்டு நிக்கேன் சார். என் சர்டிபிகேட்டத் தாங்க."

"டார்கெட்ட முடிச்சிட்டு வாயத் தெற."

போனை அணைத்தாள். இயந்திரத் தண்ணீரை ஒரு தம்ளரில் பிடித்து, அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துப் போட்டுக் கம்பிகளை இறக்கினாள். இரண்டே நிமிடத்தில் அதுவும் சாக்கடை நிறமானது.

"வெறும் தண்ணியில கரண்ட் பாயாது. உப்பு இருந்தா பாயும், இரும்பு கரையும். அவ்வளவுதான்க்கா வித்தை."

"பாவி, என் மாமியாரக் கொன்னிருப்பியே," என்றாள் செல்வராணி. இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினாள். எனக்கு இசக்கிசெல்வியைச் சமாதானப்படுத்தத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் புதிதாகச் சேர வந்த ஒன்பது பேர் சான்றிதழை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். இசக்கிசெல்வி முன்னால் போய் அதே தம்ளர், அதே உப்பு, அதே கம்பி என்று செய்து காட்டினாள். ஏழு பேர் சான்றிதழைப் பைக்குள் திருப்பி வைத்தார்கள். மீதி இரண்டு பேரும் எழுந்துவிடக் கூடாதென்று, அவளை வெளியே அனுப்ப, செந்தில்முருகன் அலமாரியைத் திறந்து அவளுடையதை மேசையில் வீசினான். பெயரையும் பதிவெண்ணையும் சரிபார்த்து எடுத்துக்கொண்டாள்.

பிறகு அதே தம்ளர், உப்பு, கம்பியோடு முத்தையாபுரம் பஸ் ஏறி, போன வாரம் இயந்திரம் விற்ற முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.