பதினொரு மணிக்கே காலியான தொட்டி

குழாயைத் திறந்தால் முதலில் ஓர் இருமல் வரும். பிறகு துரு வாசனையோடு கொஞ்சம் காற்று... அவ்வளவுதான். டெல்லியில் நான் அறிவியல் சொல்லிக்கொடுத்த தமிழ்ப் பள்ளியில், ஒரு செப்டம்பர் முழுக்க, மூன்றாவது பீரியடுக்குப் பிறகு தினமும் இதே கதை.

விடியற்காலையில் மோட்டார் போட்டு நிரப்பும் மொட்டைமாடித் தொட்டி அது. முன்பெல்லாம் பள்ளி விடும்வரை தாங்கும். அந்த வருஷம் மட்டும் பதினொரு மணிக்கே காலி. ஏன்?

அந்தச் சமயம் பார்த்து எங்கள் பிரின்சிபால் மேடம் தர மேலாண்மைப் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். தொழிற்சாலைகளில் செய்வதுபோல நாங்களும் ஒரு 'குவாலிட்டி சர்க்கிள்' அமைத்து, ஒரு பிரச்சினையை ஆராய்ந்து அறிக்கை அனுப்ப வேண்டுமாம். கணக்கு ஆசிரியர் கோபாலன் சார், நான், இன்னும் இரண்டு பேர். தலைப்பைத் தேடவே வேண்டியிருக்கவில்லை.

ஸ்டாஃப் ரூம் கரும்பலகையில் கோபாலன் சார் ஒரு மீனின் எலும்புக்கூட்டை வரைந்தார். தலையில் பிரச்சினை. ஒவ்வொரு முள்ளிலும் ஒருவகைக் காரணம்... மனிதர்கள், இயந்திரம், செய்முறை என்று.

"வெங்காயம்கூடத் தொடமாட்டீங்க. மீன் மட்டும் இவ்ளோ அழகா வருதே சார்!" என்றேன்.

"வரையறதுக்கெல்லாம் விரதம் இல்லை மேடம்."

'இயந்திரம்' என்ற முள்ளில் ஒழுகும் குழாய்களை எழுதினோம். 'மனிதர்கள்' என்ற முள்ளுக்கு வந்ததும் யாரோ "செல்லம்மா" என்றார்கள். சாக்பீஸ் என் கையில் இருந்தது. எழுதிவிட்டேன்.

செல்லம்மா எங்கள் ஆயா. மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியிலிருந்து ஆறு மணிக்கே வந்து பள்ளி முழுவதும் பெருக்குவார். கேம்ப்பில் தண்ணீர்க் கஷ்டம். அதனால் ஏழு மணிக்கு அவர் கணவர் சைக்கிளில் வந்து இரண்டு கேன் பிடித்துக்கொண்டு போவார். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

பிரின்சிபால் மேடம் பலகையைப் பார்த்தார். "இதுக்கா இவ்ளோ ஆராய்ச்சி? அச்சா, சனிக்கிழமை மீட்டிங்ல முடிச்சிடலாம். ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டா வேற ஆயா வந்துடுவா."

"அளக்காம எப்படி மேடம் சொல்றது? சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க" என்றார் கோபாலன் சார்.

மறுநாள் விடியும்போதே ஒரு மூங்கில் கழியோடு வந்துவிட்டார். விரற்கடை விரற்கடையாகக் கோடு போட்ட கழி. அரைமணிக்கு ஒருதரம் மாடியேறித் தொட்டியில் விட்டுப் பார்ப்பார். முட்டிவலியோடு இறங்கி வருவார். எனக்கும் அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது... பாடம் நடத்தும்போதும் மனம் தொட்டிக்குள்ளேயே கிடந்தது.

இரண்டு நாள் அளந்ததில் தெரிந்தது இது. ஏழு மணிக்குக் கழியில் ஒரு கோடுகூட இறங்கவில்லை. இரண்டு கேன் என்ன பெரிய தண்ணீர் என்று நினைத்துக்கொண்டோம். ஒழுகும் குழாய்கள் காலை முழுக்க ஒரு விரற்கடை. ஆனால் அசெம்பிளிக்கு முந்தைய ஒரே அரைமணியில் எட்டு விரற்கடை!

மூன்றாம் நாள் அந்த அரைமணியும் குழாயடியில் போய் நின்றேன். பஸ் வந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஓடிவந்தாள். முழு வாட்டர் பாட்டிலைத் திறந்து அப்படியே கவிழ்த்தாள். இரண்டு தடவை அலம்பினாள். மறுபடி பிடித்தாள். பின்னால் வரிசை முழுக்க அதேதான்...

"ஏம்மா நல்ல தண்ணியக் கொட்டுற?"

"ராத்திரி புடிச்சு வச்ச தண்ணி மிஸ். புழு வந்திருக்கும்."

"யாரு சொன்னா?"

"நீங்கதானே மிஸ் காட்டுனீங்க? பாட்டிலுக்குள்ள நெளிஞ்சுதே!"

டெங்குக் காலம் அது. எதற்கும் ஓர் உதாரணம் காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பத்து நாளாக ஜன்னல் ஏர் கூலரில் தேங்கிக் கிடந்த தண்ணீரை, கொசுப்புழு நன்றாகத் தெரியட்டுமென்று, ஒரு வாட்டர் பாட்டிலில் ஊற்றி வகுப்பு வகுப்பாகக் காட்டியவள் நான்தான். பிள்ளைகள் கூலரை மறந்துவிட்டார்கள். பாட்டிலைப் பிடித்துக்கொண்டார்கள்.

'குழந்தைகளின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்திருக்கலாம். ஒரு ராத்திரி அப்படித்தான் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மீட்டிங்கில் எழுந்துபோய் செல்லம்மாவின் பெயரைக் கையாலேயே அழித்தேன். 'செய்முறை' முள்ளில் என் பெயரை எழுதினேன்.

"ஆராய்ச்சி பண்ணச் சொன்னா வாக்குமூலம் குடுக்கறீங்களே!" என்று பிரின்சிபால் மேடம் சிரித்தார். ஏஜென்சிக்குப் போன் போகவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகளைக் கூலர் முன்னாலேயே நிற்கவைத்துப் பாடம் எடுத்தேன். வீட்டுத் தண்ணீரைக் கொட்டியே ஆகவேண்டும் என்றவர்களுக்கு வேப்பமரத்தடியைக் காட்டினேன். அந்த வாரமே தொட்டி கடைசி மணிவரை தாங்கியது.

இப்போது பள்ளித் தொட்டிகளில் சென்சார் இருக்கிறது. என்னிடம் படித்து ஆசிரியையாகிவிட்ட ஒருத்தி, தன் பள்ளியின் நீர்மட்டத்தைப் போனில் கலர்கலராகக் காட்டினாள். கோபாலன் சாரின் முட்டி தப்பித்திருக்கும்! எவ்வளவு இறங்குகிறது என்று நொடிக்கு நொடி தெரிகிறது. ஏன் இறங்குகிறது என்பதற்கு இன்னமும் குழாயடியில் போய் நிற்கத்தான் வேண்டும் போலிருக்கிறது...

கேம்ப்பை இடித்தபிறகு செல்லம்மா ஊரின் மறுகோடியில் ஒரு நாலாம் மாடியில் இருக்கிறார். போன வாரம் போனில் பேசும்போது, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன். "செல்லம்மா, அன்னிக்கு போர்டுல உங்க பேரை எழுதினது நான்தான்."

"தெரியுமே! ஸ்டாஃப் ரூமைப் பெருக்குறது யாரு? எம்பேரு மட்டும் நல்லாப் படிப்பேன் டீச்சர்."

"அப்பவே என்னை வந்து கேட்டிருக்கலாமே..."

"கேட்டா நம்புவீங்களா? குச்சி விட்டு அளந்தாத்தான நீங்க நம்புவீங்க! அதான் அந்த வாரம் பூரா நான் கேனே புடிக்கல. அப்பவும் பதினோரு மணிக்குத் தொட்டி காலி. சரி, நாம இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஏழு மணிக்குக் கழியில் ஏன் ஒரு கோடுகூட இறங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் சோதித்து முடித்திருக்கிறார்.

எங்கள் அறிக்கையில் ஆய்வுக் குழு என்று நான்கு பெயர்கள் இருந்தன. ஐந்தாவது பெயரை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்... செல்லம்மா.